சுவரில் ஓதம்: பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால்

வீடு பார்க்கப் போகிறவர்கள் அறையின் அளவைப் பார்ப்பார்கள், வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார்கள், விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். குனிந்து சுவரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. வீட்டைக் கெடுக்கும் காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் தண்ணீருக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். கம்பி துருப்பிடிப்பது, மரச்சட்டம் உளுத்துப்போவது, பூச்சு உதிர்வது எல்லாமே பெரும்பாலும் ஈரத்தில்தான் ஆரம்பிக்கின்றன. வாங்குகிறவர், விற்கிறவர், வாடகைக்கு இருப்பவர், சொந்த வீட்டில் வசிப்பவர் என்று நாலு பேருக்கும் வருகிற தொல்லை, சுவரில் ஊறும் இந்த ஈரம், அதாவது ஓதம்.

நாலு பேரும் செய்யும் தவறும் ஒன்றுதான். கறை எங்கே தெரிகிறதோ அங்கேயே வைத்தியம் பார்க்கிறோம். சுரண்டுகிறோம், புட்டி வைக்கிறோம், இரண்டு கோட் பெயிண்ட் அடிக்கிறோம். சில மாதம் சுவர் அழகாக இருக்கும், அப்புறம் அதே இடத்தில் கொப்பளிக்கும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் செய்யும் செலவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வீண்செலவுதான்.

தண்ணீர் வரும் வழிகள்

சுவருக்குள் தண்ணீர் நாலு வழியாக வரலாம். மண்ணிலிருந்து மேலே ஏறலாம். மழையில் வெளிச்சுவர் வழியாகவோ மாடி வழியாகவோ இறங்கலாம். உள்ளே ஓடும் குழாய் கசியலாம். இவை எதுவுமே இல்லாமல், அறைக்குள் இருக்கும் காற்றே சுவரில் நீராகப் படியலாம். நாலுக்கும் தீர்வு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் சில சமயம் நிலைமை மோசமாகும்.

மண்ணிலிருந்து ஏறும் ஓதத்தை முதலில் பார்ப்போம். செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இந்தத் துளைகள் தரையின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரை ஏறும், அதற்கு மேல் போவது அபூர்வம். அதனால்தான் இந்த வகைக் கறை தரையை ஒட்டி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில், அறையின் நீளத்துக்கு ஒரு பட்டைபோலத் தெரியும். பட்டையின் மேல் விளிம்பில் விரலை ஓட்டினால் வெள்ளையாக மாவுபோல ஒட்டும். உப்புப் பூத்திருக்கிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். அது படிகமாக வளரும்போது பூச்சை உள்ளிருந்து தள்ளும். பெயிண்ட் கொப்பளிப்பதும் பூச்சு பொரிந்து உதிர்வதும் அதனால்தான்.

இந்த உப்பில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. குளோரைடு, நைட்ரேட் வகை உப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தாங்களாகவே உறிஞ்சும். கீழிருந்து வரும் தண்ணீரை முழுக்க நிறுத்திய பிறகும், காற்று ஈரமாக இருக்கும் நாட்களில் சுவர் நனைந்ததுபோலத் தெரியும். வேலை செய்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன், உப்பேறிய பழைய பூச்சை எடுத்தார்களா என்று கேளுங்கள். கறையின் மேல் விளிம்புக்கும் மேலே ஒரு முப்பது சென்டிமீட்டர் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும்.

சரி, புதிய வீடுகளில் மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் இருக்கச் சுவரின் அடியில் டி.பி.சி என்கிற ஓதத்தடுப்பு அடுக்கு போடுகிறார்களே, அங்கேயும் ஏன் ஓதம் ஏறுகிறது? பல வீடுகளில் அடுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர் அதைச் சுற்றிப் போய்விடுகிறது. தோட்டத்துக்கு மண் கொட்டி மேடாக்குவார்கள். நடைபாதைக்குப் பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போடுவார்கள். வெளிமட்டம் இப்படி உயர்ந்து உயர்ந்து ஓதத்தடுப்பு அடுக்கைத் தாண்டிவிட்டால், அதற்கு மேலிருக்கும் செங்கல் நேரடியாக மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதற்குத் தேவை மண்வெட்டிதான். மண்ணை வெட்டி எடுத்து, வெளிமட்டத்தை அடுக்குக்குக் கீழே கொண்டுவந்து, வீட்டிலிருந்து தண்ணீர் விலகி ஓடும்படி சரிவு வைத்தாலே பல வீடுகள் காய ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதி, சுவரிலிருந்து முதல் பத்தடி தூரத்துக்குள் நிலம் ஆறு அங்குலம் இறங்க வேண்டும் என்கிறது. எந்த ஊர் வீட்டுக்கும் இது நல்ல கணக்கு. ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் ரசாயன ஊசியை, அதாவது சுவரில் துளையிட்டு ஓதம் தடுக்கும் ரசாயனத்தைச் செலுத்துவதைப் பற்றிப் பேசும் முன், வீட்டை ஒருமுறை வெளியே சுற்றி வந்து மண் மட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

மழை வழியாக வரும் ஈரத்தை அடையாளம் காண்பது கொஞ்சம் எளிது. மழை பெய்தால் வரும், வெயில் அடித்தால் மங்கும். ஜன்னல் மூலை, மாடிக் கைப்பிடிச் சுவர், வெளிச்சுவர் விரிசல், தளத்தில் தண்ணீர் தேங்கும் இடம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். குழாய்க் கசிவுக்கு மழை, வெயில் தெரியாது. எப்போதும் ஈரமாக இருக்கும், சுவரின் மறுபக்கம் பெரும்பாலும் குளியலறையோ சமையலறையோ இருக்கும். எல்லாத் தண்ணீரையும் நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஒரு மணி நேரம் யாரும் குழாயைத் தொடாதபோதும் எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் வண்ணச் சாயத்தைக் கலந்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். ஃபிளஷ் செய்யாமலேயே கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் வால்வு கசிகிறது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு சொட்டைக் கால் மில்லியாக எடுத்துக்கொண்டாலும் தினமும் இருபது லிட்டருக்கு மேல் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ போகிறது.

காற்றிலிருந்து வரும் தண்ணீர்

நாலாவது வழியைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள். வாடகை வீடுகளில் அதிகச் சண்டை வருவதும் இதனால்தான்.

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் அது 9 கிராம் சொச்சம்தான். அறை 20 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் படியும். வெளிச்சுவரின் மூலை, அலமாரிக்குப் பின்பக்கம், ஜன்னல் சட்டம் இவையெல்லாம் அறையின் மற்ற பகுதியைவிடக் குளிராக இருப்பவை. கறுப்புப் பூசணம் அங்கே முதலில் வருவதற்கு இதுதான் காரணம். வெப்பமான, ஈரமான ஊர்களில் இது தலைகீழாக நடக்கும். ஏசியால் குளிர்ந்துபோன சுவரையும் குழாயையும் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று தொட்டு அங்கே படியும்.

சமையல், குளியல், உள்ளே காயப்போடும் துணி, மூச்சுக் காற்று எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம் தினமும் பல லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. யாரும் தவறு செய்வதால் வருவதில்லை இது, வாழ்ந்தாலே வரும். அந்த ஈரம் வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எக்ஸாஸ்ட் ஃபேன் உண்மையிலேயே காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய காகிதத்தை அதன் முன்னால் பிடியுங்கள். காகிதம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஃபேன் சத்தம்தான் போடுகிறது.

சுவரிலிருந்து வரும் ஈரமா, காற்றிலிருந்து வரும் ஈரமா என்று பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரைத் துடைத்து உலரவிட்டு, ஒரு சாண் அளவு அலுமினிய ஃபாயிலை நாலு ஓரமும் டேப் போட்டுக் காற்று புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது, சில சமயம் இரண்டு பக்கமும் நனையும். ஆனாலும் வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில், இரண்டு பேரும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று கிடைக்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. குறைந்த வாடகைக்குப் பொது அமைப்புகள் தரும் சமூகக் குடியிருப்பு ஒன்றில் அந்தக் குடும்பம் இருந்தது. வீட்டில் பூசணம் படிந்திருப்பதைக் குழந்தையின் தந்தை 2017-லேயே சொல்லியிருக்கிறார். வீட்டை வாடகைக்குக் கொடுத்த அமைப்பினர் அதன் மேல் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீண்ட நாள் பூசணத்தில் வாழ்ந்ததால் வந்த சுவாசக் கோளாறுதான் சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். சமூகக் குடியிருப்புகளில் ஓதத்தையும் பூசணத்தையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதற்குப் பிறகு, 2023-இல், அங்கே சட்டத்தில் சேர்த்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரிலேயே அந்தப் பிரிவு அழைக்கப்படுகிறது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மற்ற சுவாசக் கோளாறுகளும் கூடுகின்றன என்று உலக சுகாதார அமைப்பு 2009-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்ற ஒரே பதிலோடு ஒரு வாடகைக்காரரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதும் உண்டு. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து சில விரல் இடைவெளி விட்டு வையுங்கள். குளித்து முடித்தபின் குளியலறைக் கதவை வீட்டுப் பக்கம் திறந்து போடாமல் ஃபேனை ஓடவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், குறையை எழுத்தில் சொல்லுங்கள். வாய்ப் பேச்சு நினைவில் நிற்காது. குடிபோகும் முதல் நாளே, பெட்டிகளைப் பிரிக்கும் முன், ஒவ்வொரு அறையின் மூலையையும், அலமாரியின் உட்பக்கத்தையும், கழுவுதொட்டிக்குக் கீழேயும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கறைக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுத்தால், அது வளர்கிறதா என்று பிறகு சொல்ல முடியும். முன்பணத்தைத் திருப்பி வாங்கும் நேரத்தில் இந்தப் படங்களுக்குத்தான் மதிப்பு.

ஒரு சதுர மீட்டருக்கும் குறைவாக இருக்கும் பூசணத்தை முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் நாமே தேய்த்து, நன்றாக உலர்த்திவிடலாம். அதற்கு மேல் பரவியிருந்தால் ஆள் வைத்துச் செய்வது நல்லது. வீட்டில் திடீரென்று தண்ணீர் புகுந்துவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தப் பாருங்கள், அதற்குள் காய்ந்த பொருளில் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது.

கான்கிரீட்டில் ஈரம்

சுவரில் இருக்கும் ஓதம் பூச்சைக் கெடுக்கும். கூரைத் தளத்தில் இருக்கும் ஓதம் வீட்டையே கெடுக்கும். கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு 12-க்கு மேல். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு பாதுகாப்புப் படலம் நிற்கும், துரு பிடிக்காது. காற்றின் கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே போய்க் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பிஎச் 9 அளவுக்கு இறங்கினால் படலம் போய்விடும். அதோடு தண்ணீரும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு என்பது தின்னப்பட்ட இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை அதிக இடத்தை எடுத்துக்கொள்வது. உள்ளே இடம் இல்லாததால் அது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். முதலில் கம்பி போகும் திசையில் நேர்கோட்டில் மெல்லிய விரிசல், அடுத்து பழுப்புக் கறை, கடைசியில் துண்டாக விழும்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது கூரையைப் பாருங்கள். மாடித் தளத்துக்குக் கீழே இருக்கும் அறையிலும், மேல் வீட்டுக் குளியலறைக்குக் கீழே இருக்கும் பகுதியிலும், துடைப்பக் கட்டையால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தளம் கட்டியான சத்தம் கொடுக்கும். உள்ளே விட்டுப்போயிருந்தால் பொத்தென்று பொள்ளலாகக் கேட்கும். பூச்சு மட்டும் விட்டிருக்கலாம், கான்கிரீட்டே விட்டிருக்கலாம். எது என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கூப்பிட வேண்டியவர் அவர்.

விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னால், 2001-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வும் காரணம். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்குபவர் எல்லாக் காருக்கும் விலையைக் குறைத்தே கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் விலகிக்கொள்வார். சந்தையில் கோளாறான கார்கள்தான் மிஞ்சும் என்பது அவர் வாதம். வீட்டுச் சந்தையிலும் இது அப்படியே நடக்கிறது, ஓதம் விஷயத்தில் இன்னும் கூர்மையாக நடக்கிறது. ஏனென்றால் ஓதத்தை மறைப்பது மலிவு. ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? வீடு முழுக்கப் புது பெயிண்ட் அடித்திருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை, விற்கும் முன் எல்லோரும் செய்வதுதான். ஒரு சுவருக்கு மட்டும் அடித்திருந்தால், அல்லது ஒரு சுவரில் மட்டும் இடுப்பளவுக்கு மரப்பலகையோ டைல்ஸோ பதித்திருந்தால், ஏன் என்று நேராகக் கேளுங்கள். ஒருமுறை வெயிலில் போய்ப் பார்த்த வீட்டை, மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். மூடி வைத்த அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். எல்லாக் குழாய்களையும் பத்து நிமிடம் ஒன்றாகத் திறந்துவிட்டு, மூடிய பிறகு கழுவுதொட்டிக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். கீழ் வீட்டுக்காரர் சம்மதித்தால் அவர் வீட்டுக் கூரையையும் பார்த்துவிடுங்கள். உங்கள் குளியலறையின் உண்மையான நிலை அங்கேதான் தெரியும்.

ஈரம் காட்டும் கருவியைச் சுவரில் குத்திக் காட்டி, எண் சிவப்பில் இருக்கிறது பாருங்கள் என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள். அந்தக் கருவிகளில் பலவும் மரத்தின் ஈரத்தை அளப்பதற்கென்று அமைத்தவை. சுவரில் உப்பு இருந்தாலே, தண்ணீர் இல்லாதபோதும் எண் எகிறும். ஓதத்தடுப்பு வேலை செய்து கொடுக்கும் நிறுவனமே இலவசமாகப் பரிசோதித்துக் கொடுத்தால், அந்த அறிக்கையை விளம்பரமாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். வேலையை விற்காத ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் கருத்துக் கேட்பது, தவறான வேலையில் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான்.

விற்பவருக்கு என் ஆலோசனை, மறைக்காதீர்கள் என்பதுதான். ஒழுக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். தெரிந்தே மறைத்த குறைக்கு விற்ற பிறகும் பொறுப்பேற்க வேண்டும் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன. அதோடு, எதைச் சொன்னாலும் நம்பாமல் விலையைக் குறைத்துக் கேட்கும் வாங்குபவரிடம் நம்பிக்கையை உண்டாக்க ஒரே வழி ஆதாரம். மாடித் தளத்துக்கு எந்த ஆண்டு வாட்டர் ப்ரூஃபிங் செய்தீர்கள், யார் செய்தார்கள், உத்தரவாதம் எத்தனை வருடம், குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் கட்டிச் சோதித்த படம், சுவரை மூடும் முன் குழாய் ஓடும் வழியைக் காட்டும் படம், இவற்றை ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். அப்படி ஒரு கோப்பைப் பார்த்த வாங்குபவர் பேரம் பேசும் விதமே வேறாக இருக்கும்.

காயவிடும் பொறுமை

சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வழி சரியாகத் தெரிந்துவிட்டது, அடைத்தும் விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு அவசரம் வேலையைக் கெடுக்கிறது. நனைந்த சுவர் காய, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடத் துறையில் நெடுநாளாகச் சொல்லும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது மாதம். காற்றோட்டத்தையும் ஊரின் ஈரப்பதத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் இரண்டே வாரத்தில் யாரும் காய வைத்துவிட முடியாது. அதற்குள் ஆவி போகவிடாத பெயிண்டையோ பிளாஸ்டிக் தன்மை கொண்ட பூச்சையோ உள்பக்கம் அடித்தால், சுவருக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் வேறு வழி தேடி இன்னும் மேலே ஏறும், அல்லது பக்கத்து அறையில் எட்டிப்பார்க்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளில் சிமென்ட் பூச்சு அடித்தாலும் இதே கதைதான். அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விட்டுத்தான் இத்தனை வருடம் நின்றிருக்கின்றன. கொஞ்ச காலம் சுவரை அழகில்லாமல் விட்டுவைக்க மனசு வர வேண்டும்.

காப்பீடு எடுத்திருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். குழாய் திடீரென்று வெடித்து வீடு நனைந்தால் பணம் கிடைக்கும் பல பாலிசிகளில், மெல்ல மெல்லக் கசிந்து வந்த சேதத்துக்குக் கிடைக்காது. சின்னக் கசிவைத் தள்ளிப்போடுவதன் விலை அங்கேதான் தெரியவரும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மொட்டை மாடி, வெளிச்சுவர், எல்லா மாடிக்கும் பொதுவான கழிவுநீர்க் குழாய் இவை பெரும்பாலும் சங்கத்தின் பொறுப்பு. உள்ளே ஓடும் குழாயும் குளியலறைத் தரையும் பெரும்பாலும் தனி உரிமையாளரின் பொறுப்பு. எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது அந்தந்தக் குடியிருப்பின் பத்திரத்திலும் விதிகளிலும் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கூடவே சங்கக் கூட்டங்களின் கடந்த சில வருடக் குறிப்பேட்டையும் கேளுங்கள். மேல்தளக் கசிவு பற்றிய புகார் கூட்டத்துக்குக் கூட்டம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா, அதற்கென்று நிதி ஒதுக்கினார்களா, வேலை முடிந்ததா என்று அதில் தெரிந்துவிடும். குறிப்பேட்டைக் காட்டத் தயங்கும் சங்கமாக இருந்தால், கையெழுத்துப் போடுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு மேல்தளத்தில் குடியிருப்பவர்களிடம் போய் விசாரியுங்கள்.